இணைந்துள்ள கருவிகள்: 2

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க வேண்டாம். நடந்த நாள் 2025 ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை. இதில் வரும் நேரங்கள் எதுவும் தோராயம் இல்லை. லேப்டாப்பின் மூலையில் தெரிந்த கடிகாரத்தைப் பார்த்து, அன்று இரவே நோட்டில் எழுதி வைத்தேன். என் அக்கா மகள் இசக்கிப்பிரியா அந்த நேரம் முழுவதும் என் பக்கத்தில் இருந்தாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாலும் இதையேதான் சொல்வாள். என்ன, சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிடுவாள்.

ஒரு சின்னச் சிக்கலில் இருந்து தொடங்குகிறேன். என் வீட்டு இணையம் தினமும் மாலை 6:12க்குப் படுத்துவிடும். 6:26க்கு எழுந்துவிடும். ஏன் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

என் பெயர் சந்தோஷ்குமார். பள்ளிக்கூட பஸ்களில் ஜிபிஎஸ் கருவி பொருத்தும் கம்பெனி ஒன்றில் வேலை. கருவி மக்கர் செய்தால் டிரைவர்கள் எனக்குப் போன் போடுவார்கள். எந்த ஒயரை எங்கே செருக வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பேன். வீட்டில் உட்கார்ந்தே செய்கிற வேலை என்பதால், ஜூன் 28ஆம் தேதி குற்றாலத்தில், ஐந்தருவிச் சாலையில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தேன். கீழ்த்தளம் பூட்டியே கிடந்தது. வீட்டுக்காரர் குத்தாலிங்கம் அண்ணாச்சிக்குத் தென்காசியில் சொந்த வீடு. போன வருடம் வரை இந்த வீட்டைச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர், இந்த வருடம் மாத வாடகைக்கு விட்டார்.

"சீசன் நேரத்துல போய் மாச வாடகைக்கு விடுதீங்களே அண்ணாச்சி?"

"ஆள் மாத்தி ஆள் வந்து அலுத்துப் போச்சு தம்பி. நீங்க சத்தமில்லாம இருந்தா போதும்."

அந்தப் பக்கம் கேபிள் இணையம் கிடையாது. அதனால் டாங்கிள் வாங்கினேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டாங்கிள் என்பது கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரிய ஒரு கருவி. உள்ளே போன் மாதிரியே ஒரு சிம் இருக்கும். லேப்டாப்பின் யுஎஸ்பி துளையில் செருகினால், லேப்டாப்பிலிருந்து மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, டவரிலிருந்து இணையத்தை வாங்கிக் கொடுக்கும். கூடவே சுற்றி முப்பது நாற்பது அடிக்கு வைஃபையும் பரப்பும். அறைக்குள் டவர் சரியாக எடுக்காததால், நீளமான யுஎஸ்பி ஒயர் போட்டு, டாங்கிளை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தேன். வேலை செய்யும்போது அதில் ஒரு நீல விளக்கு மினுக்கும்.

வைஃபைக்கு ஒரு பெயரும் பாஸ்வேர்டும் வைக்க வேண்டும் அல்லவா? சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'வைஃபை: சாரல் இல்லம்' என்றும், கீழே ஒரு பாஸ்வேர்டும். சீசன் விருந்தாளிகளுக்காக வைத்திருந்த சிம் மோடத்துக்கு அண்ணாச்சி ஒட்டியது; மோடம் இப்போது இல்லை. நன்றாகத்தானே இருக்கிறது, புதிதாக எதற்கு யோசிக்க வேண்டும் என்று அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் என் டாங்கிளுக்கு வைத்தேன். நான் செய்த முதல் தப்பு அது.

இனி அந்த 6:12. முதலில் டவரில் கூட்டம் என்று நினைத்தேன். சாரல் விழுகிற நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் அருவிக்கரையில் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். ஒரே சாலையில் எல்லா வண்டியும் போனால் எப்படியோ அப்படித்தான் இதுவும். ஆனால் கூட்டம் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலையும். இது அப்படி இல்லை. சாரல் இல்லாத நாளிலும் 6:12. கூட்டமே இல்லாத செவ்வாய்க்கிழமையிலும் 6:12. சிம்மை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். டாங்கிள் சூடாகிறதோ என்று சின்ன மின்விசிறிகூட வைத்துப் பார்த்தேன். மூன்று வாரம் நோட்டில் குறித்தேன். பதினாலு நிமிடம். ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசியில் அந்த நேரத்தை டீ குடிக்கிற நேரமாக வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அக்கா முத்துலட்சுமிக்குக் கீழப்பாவூரில் ஒன்றரை ஏக்கர் வயல். அத்தான் இறந்த பிறகு அவள்தான் பார்க்கிறாள். மகள் பிரியாவுக்கு விவசாயப் பட்டப்படிப்பு படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கவுன்சிலிங்கில் நல்ல இடத்தில் இருந்தாள். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசைப்படுத்தி, இணையத்தில் 'உறுதி செய்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். கடைசி நேரம் ஞாயிறு மாலை 7:00. தவறினால் அந்தச் சுற்றில் அவள் பெயரே இருக்காது. அடுத்த சுற்றுக்கு இடமும் மிச்சம் இருக்காது. 'இந்த வருசம் கெடைக்கலன்னா வீட்ல மாப்பிள்ளை பாத்துருவாவ மாமா' என்று அவள் முந்தின நாளே சொல்லியிருந்தாள்.

மதியம் மூன்று மணிக்கே பிரியா என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கரண்ட் இருந்தது. இணையம் பறந்தது. அப்போதே முடித்திருக்கலாம். அக்கா போனில் தடுத்தாள்.

"ஏலே, ஒம்பாட்டுக்கு அமுக்கிராத. இப்பம் போட்டுக் கொழப்பி ராகு காலத்துல போய் முடிச்சிராதீங்க."

"ராகு காலம் நாலரைக்குத்தானக்கா. அதுக்குள்ள முடிஞ்சிரும்."

"அதெல்லாம் வேண்டாம். ஆறு மணி தாண்டட்டும். நிம்மதியா ஆறு மணிக்கு மேல போடுங்க. ஒரு மணி நேரம் காணாதாக்கும்?"

ஒரு மணி நேரம் தாராளம்தான். நானும் சரி என்றேன்.

4:40க்குப் பலமான காற்று. கரண்ட் போனது. மழை பிடித்தது. சாலை வளைவில் ஒரு மரம் சாய்ந்து, தென்காசிக்குப் போகிற வழி அடைத்துக்கொண்டது. எங்கள் இரண்டு பேர் போனிலும் ஒரே கம்பெனி சிம். கரண்ட் போனால் டவர்கள் பேட்டரியில் ஓடும். அந்தக் கம்பெனி டவரின் பேட்டரி 5:20க்குத் தீர்ந்தது போல, இரண்டு போனும் ஊமையாகிவிட்டன. டாங்கிளில் இருந்தது வேறு கம்பெனி சிம். அதன் டவர் மட்டும் உயிரோடு இருந்தது. ஆக, வெளி உலகத்துக்கு எங்களிடம் மிச்சம் இருந்தது அந்த நீல விளக்கு ஒன்றுதான்.

6:01. லேப்டாப்பைத் திறந்தேன். பேட்டரி 46 சதவீதம்.

6:09. பிரியா வரிசையைச் சரிபார்த்து முடித்தாள். பதினொரு கல்லூரிகள்.

6:12. 'உறுதி செய்' பொத்தானை அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது.

"மாமா, சுத்திக்கிட்டே கெடக்கு."

அப்போதுதான் எனக்கு மணி உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது என்பதால் அந்த நேரமே நினைவில் இல்லை.

"ஒண்ணுமில்லட்டி. தெனமும் இப்பிடித்தான். ஆறு இருபத்தாறுக்கு வந்துரும்."

"அதென்ன ஆறு இருபத்தாறு? பஸ்ஸா?"

சிரித்தோம். சும்மா இருந்திருந்தால் 6:26க்கு வந்திருக்கும். அவள் அழுத்தியிருப்பாள். இதை எழுத வேண்டியதே இருந்திருக்காது. ஆனால் பதினாலு நிமிடம் என் கை சும்மா இருக்கவில்லை.

ஒவ்வொரு டாங்கிளுக்கும் உள்ளே ஒரு சின்னப் பக்கம் உண்டு. இணையமே இல்லாவிட்டாலும் அதைத் திறக்கலாம். ஏனென்றால் அது டாங்கிளுக்குள்ளேயே இருக்கிறது. சிக்னல் எவ்வளவு, யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று அதில் தெரியும். வாங்கிய அன்று பெயர் வைக்கத் திறந்ததோடு சரி. 6:14க்கு அதை மறுபடி திறந்தேன்.

இணைந்துள்ள கருவிகள்: 2.

முதலாவது என் லேப்டாப். எங்கள் போன்களில் வைஃபையை அணைத்து வைத்திருந்தோம்.

இரண்டாவது வரியில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு. இணைந்திருக்கும் நேரம்: 2 நிமிடம் 5 நொடி. சிக்னல்: மைனஸ் 88.

எனக்கு ஒரே சந்தோஷம். மூன்று வாரச் சிக்கல் தீர்ந்தது! போன வருடம் இங்கே தங்கிய யாரோ ஒருவரின் போன். ஒரு போன் ஒருமுறை சேர்ந்த வைஃபையை மறக்காது. அதே பெயரும் அதே பாஸ்வேர்டும் எங்கே கிடைத்தாலும், கேட்காமலே சேர்ந்துகொள்ளும். அந்த ஆள் சாலையில் நின்று வீடியோவோ என்னவோ பார்க்கிறான். என் இணையத்தை உறிஞ்சுகிறான்.

"பாத்தியா, திருடன் அகப்பட்டுட்டான்."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். சாலையில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. ஆள் இல்லை.

6:16. அந்தக் கருவியைத் தடைசெய்யும் பொத்தானை அழுத்தினேன். எண்ணிக்கை 1 ஆனது. பிரியா மறுபடி 'உறுதி செய்' அழுத்தினாள். வட்டம் பாதி சுற்றி நின்றது.

6:17. இணைந்துள்ள கருவிகள்: 2.

நேரம்: 0 நிமிடம் 0 நொடி. சிக்னல்: மைனஸ் 79.

இந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. வைஃபை சிக்னலை மைனஸில்தான் அளப்பார்கள். சுழியத்துக்கு அருகே வர வர, கருவி பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். மைனஸ் 88 என்றால் சாலைக்கு அந்தப் பக்கம். 79 என்றால் எங்கள் கேட்டுக்குப் பக்கம்.

6:19. பாஸ்வேர்டையே மாற்றினேன். டாங்கிள் அணைந்து, மீண்டும் எழ ஐம்பத்தைந்து நொடி ஆனது.

6:21. இணைந்துள்ள கருவிகள்: 2. சிக்னல்: மைனஸ் 66.

இது நடக்கக் கூடாத காரியம். பூட்டையே மாற்றியாகிவிட்டது. புதுச் சாவி என் தலைக்குள் மட்டும் இருக்கிறது. பிரியாவிடம்கூடச் சொல்லவில்லை.

மைனஸ் 66... எங்கள் மாடிப்படி.

போன் டார்ச்சை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன். யாரும் இல்லை. கீழே கேட் நான் பூட்டியபடியே பூட்டிக் கிடந்தது. ஆனால் படியில் ஒரு வாசனை இருந்தது. ஒயர் கருகினால் வருமே, அந்த வாசனை. கரண்ட் போய் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்ட வீட்டில் எந்த ஒயர் கருகும்?

திரும்பி வந்து டாங்கிளைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. சில்லென்று இருந்தது.

6:25.

"மாமா... பேரு வந்திருக்கு."

கோடு இருந்த இடத்தில் இப்போது ஆங்கில எழுத்துகள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். காளீஸ்வரி.

"யாரு மாமா?"

"தெரியலட்டி."

"தெரியாத ஆளு எதுக்கு உள்ள வருது?"

மைனஸ் 58.

6:27. டாங்கிளில் வைஃபையை மட்டும் அணைக்கும் வசதி உண்டு. அணைத்தேன். இனி ஒயர் வழியாக லேப்டாப்புக்கு மட்டும்தான் இணையம். காற்றில் ஒன்றும் போகாது. போகாத ஒன்றில் யாரும் சேர முடியாது.

பக்கம் திறந்தது. வைஃபை: அணைக்கப்பட்டது.

அதற்கு அடுத்த வரி.

இணைந்துள்ள கருவிகள்: 2.

மைனஸ் 49.

பிரியா நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

6:31. யுஎஸ்பி ஒயரை லேப்டாப்பிலிருந்து பிடுங்கினேன். மின்சாரமே இல்லாவிட்டால் டாங்கிள் செத்த பொருள். உள்ளே தங்கியிருக்கும் மிச்ச மின்சாரம் ஒரு நொடி விளக்கை எரிக்கும். அதிகம் போனால் இரண்டு.

நீல விளக்கு மினுக்கியது.

எண்ணினேன். மூன்று. நான்கு. ஐந்து...

பதினொன்றில்தான் அணைந்தது.

6:34. சிம்மைக் கழற்றி என் போனில் போட்டேன். அவசரத்தில் சிம் இரண்டு முறை தரையில் விழுந்தது. போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தேன். 'அவசர அழைப்பு மட்டும்' என்றது. அந்தப் பழைய போன் அந்த டவரை எடுக்கவில்லை. மறுபடி சிம்மை டாங்கிளில் போட்டேன்.

6:39. ஒயரைச் செருகினேன். பக்கம் திறந்தது.

இணைந்துள்ள கருவிகள்: 2. நேரம்: 0 நிமிடம் 0 நொடி.

மைனஸ் 38.

இந்த எண்ணை நான் பிரியாவுக்கு விளக்கவில்லை. விளக்க வேண்டியிருக்கவில்லை. 38 என்றால் இதே அறை.

"மாமா, மணி ஆறு நாப்பது."

"தெரியும்."

"இருவது நிமிசந்தான் இருக்கு."

"தெரியும்ட்டி."

சத்தம் வராமல் அழத் தொடங்கினாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பேட்டரி 17 சதவீதம். எனக்குத் தெரிந்த வித்தைகள் எல்லாம் முடிந்துவிட்டன. ஆயிரம் டிரைவர்களுக்கு வழி சொன்னவன் நான். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

6:43. மைனஸ் 27.

மறுபடி தடைசெய்யக் கையை நீட்டினேன். பிரியா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம் மாமா. தொடாதீங்க."

"ஏன்?"

"நீங்க தொடத் தொட... கிட்ட வருது."

திரையைப் பார்த்தேன். நேரம்: 4 நிமிடம் 10 நொடி. அந்த எண்தான் என் மண்டையில் தட்டியது. ஒவ்வொரு முறை நான் துண்டித்ததும் அது சுழியத்துக்குப் போயிருக்கிறது. முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. தினமும் அது எடுத்துக்கொண்டது பதினாலு நிமிடம். இன்றைக்கு நான் ஒரு முறைகூட அதை முடிக்க விடவில்லை.

6:39ம் பதினாலும்... 6:53.

"பிரியா. சும்மா இருப்போம்."

"முடிஞ்சிருமா?"

"தெரியாது."

கையை மடியில் வைத்துக்கொண்டோம். இருட்டு. லேப்டாப் வெளிச்சம் மட்டும் எங்கள் முகத்தில்.

6:46.

டொப்.

முதுகுக்குப் பின்னால். தண்ணீர் சொட்டும் சத்தம்.

டொப்... டொப்...

அது கான்கிரீட் கூரை. ஒழுகாது. மூன்று வாரத்தில் ஒரு நாளும் ஒழுகியதில்லை.

"மாமா..."

"திரும்பாத."

"நான் திரும்பல."

6:49. மைனஸ் 21.

அவ்வளவு குறைவான எண்ணை நான் பார்த்ததே இல்லை. டாங்கிள் மேலேயே போனை வைத்தால்தான் அப்படி வரும்.

கருகிய வாசனை.

கழுத்தில் குளிர்.

டொப்...

6:51.

6:52.

பிரியாவின் நகம் என் கையில் பதிந்திருந்தது.

13 நிமிடம் 58 நொடி.

59.

14.

...

மைனஸ் 40. மைனஸ் 66. மைனஸ் 88.

இணைந்துள்ள கருவிகள்: 1.

வட்டம் நின்றது. கவுன்சிலிங் பக்கம் பளிச்சென்று திறந்து, மறுபடி உள்ளே நுழையச் சொன்னது. பிரியா தன் பாஸ்வேர்டை அடித்தாள். முதல் முறை தப்பு. இரண்டாம் முறை சரி. 6:56க்கு 'உங்கள் விருப்பப் பட்டியல் உறுதி செய்யப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது. பேட்டரி 9 சதவீதம்.

அதற்குப் பிறகுதான் திரும்பினோம். யாரும் இல்லை. தரையைத் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அன்று ராத்திரி மரத்தை அறுத்து வழி விட்டதும் பிரியாவைக் கீழப்பாவூரில் கொண்டுபோய் விட்டேன். அக்கா, "பாத்தியாலே, நல்ல நேரத்துல போட்டதுனாலதான் சோலி முடிஞ்சிது" என்றாள்.

நான்கு நாள் கழித்து, ஜூலை 24, வியாழன். காலை 10:20க்குக் குத்தாலிங்கம் அண்ணாச்சி போன் செய்தார். குரல் சரியில்லை.

"தம்பி, ஒங்க வீட்ல பிரியான்னு ஒரு புள்ள இருக்கா?"

"என் அக்கா மக அண்ணாச்சி. ஞாயித்துக்கிழம வந்திருந்தா. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"



"துபாய்ல இருந்து ஒரு பையன் கேட்டான். பேச்சிராஜுன்னு பேரு. ஒங்க நம்பரக் குடுக்கட்டுமான்னு கேக்கேன்."

"அவரு யாரு?"

அப்போதுதான் சொன்னார். பேச்சிராஜும் அவன் மனைவி காளீஸ்வரியும் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருந்தவர்கள். அவன் துபாய்க்குப் போன பிறகு அவள் தனியாக இருந்தாள். மேலே விருந்தாளிகளுக்கு வைத்திருந்த வைஃபையில் தினமும் அவனோடு வீடியோவில் பேசுவாள். அங்கே அவனை ராத்திரி வேலைக்குக் கூட்டிப்போகும் கம்பெனி வண்டி வருவதற்கு முன்னால் கிடைக்கிற நேரம், நம் நேரத்துக்கு 6:12 முதல் 6:26 வரை. போன ஆகஸ்டில் ஒரு நாள், பேசத் தொடங்கி மூன்றாவது நிமிடம், மேலே தங்கியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது வைஃபையை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவள் போனைத் தூக்கிப் பிடித்தபடி சிக்னல் தேடிக்கொண்டு மழையில் சாலைக்கு இறங்கினாள். காற்றில் அறுந்து கிடந்த கரண்ட் கம்பியை மிதித்துவிட்டாள்.

"அதுக்கப்புறம் சீசன் ஆளுக்கு விட எனக்கு மனசே வரல தம்பி. சொன்னா நீங்க வர மாட்டீங்கன்னு சொல்லல. தப்புதான்."

மதியம் 1:05க்குப் பேச்சிராஜ் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, ஜூன் இருவத்தெட்டுல இருந்து தெனமும் வருது. அவ நம்பர்ல இருந்து. எடுத்தா ஒரே இருட்டு. மழச் சத்தம் மட்டும் கேக்கும். யாரோ வெளையாடுதாங்கன்னு மொதல்ல ஏசிருக்கேன். ஞாயித்துக்கிழம கட்டாயிக் கட்டாயி வந்துச்சு. கடசியா வந்ததுலதான் ஒங்களப் பாத்தேன்."

"என்னையவா?"

"ஒங்க மொகம் தெரியல. ஒரு ஆளும் ஒரு புள்ளையும் முதுகக் காட்டிட்டு ஒக்காந்திருந்தீங்க. முன்னால லேப்டாப் வெளிச்சம். 'பிரியா, சும்மா இருப்போம்'னு சொன்னீங்க. அந்தப் புள்ள 'முடிஞ்சிருமா'ன்னு கேட்டுது. நான் காளி, காளின்னு கத்துனேன். நீங்க ரெண்டு பேரும் திரும்பவே இல்ல."

படம் அனுப்பினான். அவன் திரையில் பிடித்தது. எங்கள் முதுகு. இரண்டு கை தூரத்திலிருந்து எடுத்தது போல் இருந்தது. படத்தின் ஓரத்தில், லென்ஸைப் பாதி மறைத்தபடி, ஈரமான இரண்டு விரல்கள். நுனி கருகியிருந்தது.

"அவ போன் இப்பம் யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டேன்.

"எங்கிட்டதான் அண்ணாச்சி. போலீஸ்ல குடுத்ததும் இங்கன கொண்டாந்துட்டேன். பெட்டிக்குள்ளதான் கெடக்கு. முழுசும் உருகிப் போச்சு. பட்டன்கூட இல்ல."

பிறகு மெதுவாகச் சொன்னான்.

"வீட்டக் காலி பண்ணிராதீங்க. ஒங்க கால்ல வேணும்னாலும் விழுதேன்."

இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. எப்படி என்று தெரியாத ஒன்றை நான் என் வாழ்க்கையில் சும்மா விட்டதே இல்லை. இதை விட்டுவிட்டேன். பிரியாவுக்கு இடம் கிடைத்துவிட்டது, விடுதியில் இருக்கிறாள். என் வீட்டுப் பக்கம் வருவதில்லை. நான் வீட்டைக் காலி செய்யவில்லை.

அந்த 6:12 சிக்கலுக்கு இப்போது நான் செய்வது இதுதான். வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே மறுபடி வைத்துவிட்டேன். மாலை 6:10க்கு டாங்கிளை லேப்டாப்பிலிருந்து கழற்றி, ஜன்னல் ஓரத்தில் போன் சார்ஜரில் செருகுகிறேன். கரண்ட் இல்லாத நாளில் பவர் பேங்கில். அறைக்கதவைத் திறந்து வைத்துவிட்டு, சாலைக்குப் போய் நிற்கிறேன். 6:26 தாண்டியதும் மேலே வந்து டாங்கிளை லேப்டாப்பில் செருகினால், இணையம் தடையில்லாமல் வேலை செய்கிறது.